பதினோரு சாண் தள்ளி

நகராட்சி மராமத்து ஆபீசில் அவருக்குப் பெயர் கிடையாது. சம்பளப் பட்டியலில் "சங்கிலி ஆள், முதல் நிலை" என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். துரைமார் "சங்கிலி" என்று கூப்பிட்டார்கள். முப்பத்தொரு வருஷம் கூப்பிட்டதில் அதுவே தெருவரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி வீடு விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரனே உதட்டைப் பிதுக்குவான். சங்கிலி வீடு என்றால் நண்டு சிண்டெல்லாம் கை காட்டும்.

வேலை அளப்பது. நூறு கண்ணி கோத்த இரும்புச் சங்கிலி, கண்ணிக்கு ஓர் அடி. முன்னால் போகிறவன் இழுத்துக்கொண்டு போவான், பின்னால் நிற்கிறவன் முனையைப் பிடித்து நிறுத்துவான். சங்கிலி விறைத்த இடத்தில் முன்னால் போனவன் ஓர் இரும்பாணியை ஊன்றுவான். பின்னால் வருகிறவன் அதைப் பிடுங்கிக்கொண்டு நகர்வான். கையில் எத்தனை ஆணி சேர்கிறதோ அத்தனை சங்கிலி தூரம். அதை உரக்கச் சொல்ல வேண்டும். குடைக்குக் கீழே நிற்கிற துரை நோட்டில் எழுதிக்கொள்வார். அந்தத் துறைமுகப் பட்டணத்தில் போட்ட ரோடு, கட்டிய பாலம், கடற்கரை விளக்குக் கம்பம் அத்தனையும் முதலில் இந்த மனுஷன் வெயிலில் நின்று கத்திய எண்கள். அதற்குப் பிறகுதான் காகிதம், காகிதத்துக்குப் பிறகு பணம், பணத்துக்குப் பிறகு கல். கல்லில் துரை பேரை வெட்டினார்கள். வெட்டட்டும். கத்தியது யார் என்று கடலுக்குத் தெரியும்.

எழுதப் படிக்கத் தெரியாது. எண் மட்டும் தெரியும். ஆனால் ஒரு தரம் அளந்த தூரத்தை மறந்தார் என்ற பேச்சே இல்லை. தெருவில் அதை வைத்து விளையாடுவார்கள்.

"சங்கிலியண்ணே, சுங்க ஆபீஸ் வாசல்லேருந்து மீன் ஏலக் கொட்டகை?"

"ஆறு சங்கிலி, எழுபத்திரண்டு கண்ணி. நடுவுல ஒரு கள்ளுக்கடை. நீ அதைத் தாண்டி எங்க போவப் போற?"

வீட்டுக்காரிக்கு இது பெருமையா எரிச்சலா என்று அவளுக்கே தெரியாது. கிடங்கில் தானியம் புடைக்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். "பெத்த புள்ளைங்க வயசைக் கேளுங்க, முழிப்பாரு. பாலத்து நீளத்தைக் கேளுங்க, தூக்கத்துல சொல்வாரு" என்பாள்.

குடியிருந்தது பின்தெரு. ஏற்றுமதிக் கம்பெனியின் கிடங்குகளுக்குப் பின்னால் நூற்று நாற்பது வீடு. மூட்டை தூக்குகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள், தானியம் புடைக்கிறவர்கள். பட்டணம் தின்கிற ஒவ்வொரு பிடியும் அவர்கள் முதுகில் ஏறித்தான் வந்தது. தெருவோ பள்ளம். மழைத்தண்ணி, கிடங்கு கழுவின தண்ணி, கக்கூஸ் தண்ணி எல்லாம் உள்ளே வரும். வெளியே போக வழி கிடையாது. போன மழைக்கு வயிற்றுப்போக்கில் ஏழு பேர் போனார்கள். அதில் இரண்டு கைக்குழந்தை.

வாய்க்கால் ஒன்று வேண்டும் என்று ஆறு வருஷமாக மனு கொடுத்தார்கள். ஆறு வருஷமும் அது பட்ஜெட் புத்தகத்தில் ஏறியது. பொய் இல்லை, ஏறியது. "பின்தெரு, வடிகால், நிதி இருந்தால்" என்று அழகான கையெழுத்தில் ஏறியது. நிதி இருந்தால் என்பது அத்தைக்கு மீசை முளைத்தால் என்பதன் சர்க்கார் பாஷை. அதே ஆறு வருஷத்தில் கடற்கரைச் சாலைக்கு இரண்டு தரம் விளக்குக் கம்பம் மாற்றினார்கள். முதல் கம்பத்தின் பச்சை நிறம் துரைசாணிமாருக்குப் பிடிக்கவில்லை.

ஏழாவது வருஷம் ஆபத்து வேறு விதமாக வந்தது. கிடங்குக்கும் தெருவுக்கும் நடுவில் இருந்த வண்டிப் பாதையைக் கருங்கல் பாவிப் பெரிய சாலையாக்கக் கம்பெனி கேட்டது. கம்பெனி மேனேஜர் நகரசபையில் உறுப்பினர். கேட்பதும் கொடுப்பதும் ஒரே வாய். பட்ஜெட் கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. கூட்டம் முடிந்த வாரமே கல் இறக்குவார்கள். தெருத் தண்ணி கடலுக்குப் போக வேண்டுமென்றால் அந்தப் பாதையைக் குறுக்கே வெட்டித்தான் போக வேண்டும். கருங்கல் பாவின பிறகு அதில் யார் கடப்பாரை வைக்க விடுவான்? இந்த வருஷம் வாய்க்கால் இல்லையென்றால் பேரன் காலத்திலும் இல்லை.

ஏழாவது மனுவைச் சங்கிலியின் மச்சான் கொண்டுவந்தான். வீட்டுக்காரியின் தம்பி, மூட்டை தூக்குகிற கும்பலுக்குத் தலைவன். நூற்று நாற்பது கைநாட்டு. ஆபீஸ் வராந்தாவில் அளவுச் சங்கிலிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவர், மச்சானைப் பார்த்ததும் யாரோ எவரோ என்பது போலத் தலையைக் குனிந்துகொண்டார். சர்க்கார் சம்பளம் வாங்குகிறவன் மனுக் கொடுக்கிறவனுக்குச் சொந்தமாக இருக்கக் கூடாது.

பெரிய கிளார்க் மனுவைக் கையால் எடை போட்டுப் பார்த்தார். "வா வா. ஆறு மனு காத்துல பறக்குதேன்னு மேல வைக்கக் கனமா ஒண்ணு தேடிக்கிட்டிருந்தேன்."

"ஏழு உசுரு போயிருக்கு ஐயா."

கிளார்க் சிரிப்பை நிறுத்தினார். கெட்டவர் இல்லை. நல்லவராக இருக்க நேரமில்லாதவர். "இதைக் கேட்டுக்கோ. இது புது வேலை. புது வேலைன்னா கடல் தாண்டி ஒப்புதல் வரணும். கப்பல்ல போற காகிதம் கப்பல்லயே கெழடு தட்டிச் செத்துரும். பழுது பார்க்கிற வேலைன்னா வேற. இங்கயே நம்ம இன்ஜினியர் துரை கையெழுத்துப் போட்டாப் போதும், சபையில தலையாட்டிருவாங்க. பழுதுக் கணக்குல பணமும் கெடக்குது. வருஷம் முடியறதுக்குள்ள செலவு பண்ணலேன்னா அடுத்த வருஷம் அதைக் குறைச்சு என் வயித்துல அடிப்பாங்க. ஆனா என்ன செய்ய? பழுது பார்க்க வாய்க்கால்னு ஒண்ணு இருந்திருக்கணுமே. பொறக்காத புள்ளைக்குப் பல்லு வலியா?"

வராந்தாவிலிருந்து குரல் வந்தது. "இருந்துதுங்க ஐயா."

கிளார்க் எட்டிப் பார்த்தார். சங்கிலி எண்ணெய்க் கையோடு எழுந்து நின்றிருந்தார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த ஆபீசில் எண்ணைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வந்ததில்லை.

"என்னய்யா இருந்தது?"

"வாய்க்கால். கிடங்கு கட்டுறதுக்கு முன்னாடி. நான் வேலைக்குச் சேர்ந்த ரெண்டாம் வருஷம் கரையோரம் பூரா அளந்தோம். கலங்கரை விளக்கத்து மூலைக்கல்லுலேருந்து நேர் கெழக்கா, பதினோரு சங்கிலி, நாப்பது கண்ணி. செங்கல் வளைவு. மூணடி அகலம். அதோட உச்சியில நானே ஆணி ஊனுனேன். அப்புறம் கம்பெனிக்காரங்க வண்டி ஏறணும்னு மேல மண்ணைக் கொட்டி மூடிட்டாங்க."

"அந்த வருஷத்து அளவு நோட்டு?"

"நீங்கதானய்யா சொன்னீங்க, அலமாரியோட கரையான் தின்னுடுச்சுன்னு."

கிளார்க் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பழுதுக் கணக்கில் கிடக்கிற பணம் அவர் கண்ணுக்குள் உருண்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு நேரே துரையின் அறைக்குள் போனார்.

துரை பேச்சுக் குறைந்த மனுஷன். தமிழைக் கல்லைக் கடிப்பது போலக் கடித்துப் பேசுவார். வெளியே வந்து சங்கிலியை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு சோதனைக் குழி. ஒரு நாள். இரண்டு ஆள். செங்கல் காட்டினால் கையெழுத்து. காட்டாவிட்டால் குழிக்கூலி உன் சம்பளத்தில்."

"சரிங்க."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"பதினொண்ணு, நாப்பது" என்றார் சங்கிலி. அவருக்கு அதைவிடப் பெரிய சத்தியம் தெரியாது.

சனிக்கிழமை காலை குழி. புதுச் சங்கிலியை எடுத்துப்போய்க் கலங்கரை விளக்கத்து மூலைக்கல்லிலிருந்து அவரே இழுத்தார். பதினோராவது ஆணிக்கு மேல் நாற்பது கண்ணி எண்ணி, குதிகாலால் மண்ணில் கோடு கிழித்தார். அந்தக் கோட்டை நடுவாக வைத்து நாலடிச் சதுரக் குழி. வேலை நேரத்திலும் சாக்குச் சொல்லிவிட்டுப் பின்தெருவில் பாதி வந்து நின்றது. கிடங்குக் காவலாளிகள் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

மூன்றடியில் மணல். ஐந்தடியில் கிளிஞ்சல். ஏழடியில் கறுப்புச் சேறு. எட்டடியில் ஊற்றுத் தண்ணி. செங்கல் இல்லை. செங்கல் பொடிகூட இல்லை.

சாயந்திரம் துரை வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். கடிகாரத்தையும் பார்த்தார். "மூடு" என்றார். ஒரே சொல். போய்விட்டார்.

காவலாளி ஒருவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டே கேட்டான். "என்ன பெரியவரே, புதையல் கிடைக்கலியா? கனவுல வந்த எடம் இதுதானா, நல்லாப் பாத்தீங்களா?"

சிரித்தார்கள். சிரிப்பை விடுங்கள், கூலிக்காரன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பவன். மச்சான் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் சொன்னதுதான் உள்ளே இறங்கியது. "மாமா, நூத்தி நாப்பது வீடும் உன் வாயை நம்பி நின்னுச்சு. தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லியிருக்கலாம்ல?"

சங்கிலியிடம் சொத்து என்று எதுவும் இல்லை. காசில்லை, படிப்பில்லை, பதவியில்லை. எண் மட்டும் இருந்தது. அதுவும் கை விட்டது.

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தட்டை வைத்தாள், தொடவில்லை. அவள் கொஞ்ச நேரம் பொறுத்தாள். அது அவளுக்குப் பெரிய பொறுமை.

"எதுக்கு இப்ப கப்பல் கவுந்த மாதிரி?"

"எண்ணு தப்பாப் போச்சு."

"உங்களுக்கா? உங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அதுவும் தப்புன்னா உங்கள எதுக்கு நான் இத்தன வருஷம் வச்சுக் குப்பை கொட்டுனேன்? எண்ணு சரியாத்தான் இருக்கும். கூட அளந்தவன் யாரு அன்னிக்கு? அவன் முனையை ஒழுங்காப் புடிச்சானா?"

"அவன் நல்ல கைகாரன். செத்து இருபது வருஷமாச்சு. அவனைப் போய்ச் சொல்லாத. அவனுக்கே பாவம் அந்த வருஷம் அபராதம் போட்டாங்க, அவன் தப்பே இல்லாம..."

நிறுத்தினார்.

"எதுக்கு அபராதம்?"

"சங்கிலி நீண்டு போச்சுன்னு."

"இரும்பு எப்படி நீளும்?"

"நீளும். கல்லுலயும் மண்ணுலயும் இழுக்க இழுக்க, கண்ணிக்குக் கண்ணி வளையம் தேயும். ஒண்ணொண்ணும் மயிரளவு. நூறும் சேந்தா..." எழுந்து நின்றுவிட்டார். "ஆபீஸ் முத்தத்துல நூறடிக்கு ரெண்டு பித்தளை முளை அடிச்சிருக்கு. சங்கிலி சரியான்னு பாக்கறதுக்கு. அந்த அளவெல்லாம் முடிஞ்சு வந்தப்பதான் பெரிய துரை எங்க சங்கிலியைப் போட்டுப் பாத்தாரு. முளையைத் தாண்டி ஒரு சாண் நின்னுச்சு. நான்தான் அந்த முனையைப் புடிச்சிருந்தேன். சாண் வச்சு நானே அளந்து சொன்னேன். அவன்தான் மூத்தவன்னு அவனுக்கு அபராதம்."

அவளுக்குக் கணக்குத் தெரியாது, தானியம் புடைக்கத் தெரியும். கல் எது மணி எது என்று அவளுக்குச் சட்டெனப் பிடிபடும். "அப்ப ஒவ்வொரு சங்கிலிக்கும் ஒரு சாண் கூடப் போயிருக்கீங்க. வாயில மட்டும் கொறைச்சுச் சொல்லியிருக்கீங்க."

"பதினோரு சங்கிலி. பதினோரு சாண். மேல நாப்பது கண்ணிக்கு அரைச் சாண் கொஞ்சம் கொறைய." வலதுகை விரல்களை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். "ஏய், எண்ணு சரிடி. சங்கிலிதான் பொய் சொல்லியிருக்கு. எட்டடி தள்ளிக் கெடக்குது வாய்க்கால்!"

"அதைத்தான் நானும் சொன்னேன். இப்பச் சாப்பிடுங்க."

அளக்கிறவர்கள் மட்டுமே செய்யக் கூடிய தப்பு அது. எண்ணை நெஞ்சில் எழுதிவைத்தார், எந்தச் சங்கிலி சொன்ன எண் என்பதை எழுதிவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சங்கிலி, பெரிய கிளார்க் வீட்டு வாசலில் போய் நின்றார். கிளார்க் பல்குச்சியோடு வந்தார். கேட்டார். தலையை ஆட்டினார்.

"புரியுது. நம்பவும் செய்றேன். ஆனா உத்தரவு ஒரு நாளுக்குத்தான்யா. அது நேத்தோட தீந்து போச்சு. உத்தரவில்லாமச் சர்க்கார் ரோட்டுல மண்வெட்டி வச்சா உன் வேலை போகும். ஜெயில்கூட உண்டு. துரை ஒரு சொல்லு சொன்னா அதுக்கு மேல திரும்பிப் பாக்க மாட்டாரு."

"துரை கடைசியா என்ன உத்தரவு போட்டாருங்க?"

"மூடுன்னாரு."

"அதைத்தான் செய்யலாம்னு வந்தேன். குழி இன்னும் மூடல. மூட மண்ணு பத்தல. தோண்டிப்போட்ட மண்ணுல பாதியை ராத்திரியோட ராத்திரியாக் கிடங்குக் காவக்காரங்க அவங்க வண்டி மேட்டுக்கு அள்ளிட்டுப் போயிட்டாங்க. அப்போ மண்ணு வேற எடத்துலேருந்துதானே எடுத்தாகணும்? எங்கேருந்து எடுக்கணும்னு துரை சொல்லலியே."

கிளார்க் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். சங்கிலியைப் பார்த்தார். ஆபீசில் இருபது வருஷம் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவருக்கு அதில் இப்படியொரு பொத்தல் இருப்பது தெரியாமல் போயிற்று.

"எங்கேருந்து எடுக்கப் போறே?"

"பதினோரு சாண் தள்ளி."

கிளார்க்குக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து வந்தது. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தை இறுக்கிக்கொண்டு, "நீ இங்க வரவே இல்ல. நான் எதையும் கேக்கவே இல்ல" என்று சொல்லி உள்ளே போனார். போகிற போக்கில் திரும்பினார். "பத்து மணிக்கு மேல அந்தப் பக்கம் காத்து வாங்க வருவேன்."

மச்சானிடம் சொன்னபோது அவனும் விரலை விரித்துச் சாண் வைத்துப் பார்த்தான். பிறகு, "மாமா, நேத்து நான் சொன்னது..." என்று இழுத்தான்.

"அதை அப்புறம் அழு. ஆளைக் கூப்பிடு."

நாற்பது பேர் வந்தார்கள். வாரம் பூரா முதுகு ஒடிந்து, இருக்கிற ஒரே விடுமுறை நாளில், கூலி என்ற பேச்சே இல்லாமல் வந்தார்கள். சங்கத்துக்கு ஆள் சேர்த்தவனுக்குத் தெரியும், நாற்பது பேரை ஒரே காலையில் ஒரே இடத்தில் நிற்க வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று. சோறு போடுகிறேன் என்றாலும் பத்துப் பேர் வர மாட்டார்கள். இங்கே நாற்பது. பின்னால் கூடையோடு பெண்கள், சங்கிலி வீட்டுக்காரி தலைமையில். அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே அதட்டினாள். "சோம்பேறிப் பயலுவளா, கம்பெனி மூட்டைன்னா ஓடுறீங்க, சொந்தத் தெருவுக்கு நடக்குறீங்களே!"

சங்கிலி பழைய குழியின் நடுக்கோட்டில் மண்டியிட்டார். விரித்த கையை மண்ணில் வைத்துக் கிழக்கே சாண் சாணாகப் போனார். ஒன்று, இரண்டு, மூன்று என்று தெருவே சேர்ந்து எண்ணியது. பதினொன்றில் நிறுத்தி, அரைச் சாணில் விரலால் புள்ளி வைத்தார். "வெட்டு."

ஒரு பக்கம் வெட்டினார்கள், இன்னொரு பக்கம் அந்த மண்ணைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் கொட்டினார்கள். காவலாளி ஓடிவந்தான்.

"ஏய், யாரைக் கேட்டுத் தோண்டுறீங்க?"

"யாருப்பா தோண்டுறா?" என்றான் மச்சான். "குழியை மூடுறோம். துரை உத்தரவு. கண்ணு தெரியல?"

காவலாளி மேனேஜரைக் கூப்பிட ஓடினான். அதற்குள் இடுப்பளவு ஆழம் போயிருந்தது. கடப்பாரை இறங்கியது. இறங்கிய கடப்பாரை சத்தம் மாறி நின்றது.

உள்ளே இருந்தவன் மறுபடி குத்தினான். அதே சத்தம். சங்கிலி குழிக்குள் குதித்தார். ஐம்பது தாண்டின மனுஷன் குதித்த குதி. கையால் சேற்றை வழித்தார். சிவப்பாக ஒரு வரிசை செங்கல் தெரிந்தது. வளைந்து இறங்கியது. இருபக்கமும் தடவித் தடவி ஓரத்தைக் கண்டுபிடித்து, சாண் வைத்தார். நாலு சாண். மூன்றடி.

மேலே நின்றவர்கள் போட்ட சத்தத்தில் துறைமுகத்துக் காகமெல்லாம் எழும்பியது. வீட்டுக்காரி கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்றவள் கேட்டாள். "என்னக்கா, அழறியா?"

"மண்ணு விழுந்துடுச்சுடி கண்ணுல. வேலையைப் பாரு."

மேனேஜர் குதிரை வண்டியில் வந்து இறங்கிக் கத்தினார். கத்திக்கொண்டிருக்கும்போதே காற்று வாங்க வந்த பெரிய கிளார்க் குடையோடு வந்து சேர்ந்தார். அப்போதுதான் எதையோ கண்டு திடுக்கிட்டவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, "அடடா, சர்க்கார் கட்டுமானம் தெரியுதே! இதைத் துரைகிட்டச் சொல்லாம இருந்தாத் தப்பாச்சே!" என்று ஆளை அனுப்பினார்.

துரை ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு வந்தார். மேனேஜர் பேசியதை முழுக்கக் கேட்டார். பதில் சொல்லாமல் குழிக்குள் இறங்கினார். சப்பாத்துச் சேற்றில் அமிழ்ந்தது. செங்கல்லைத் தட்டிப் பார்த்தார். நிமிர்ந்து சங்கிலியைக் கேட்டார். "நீ சொன்னது பதினொன்று, நாற்பது. இது அது இல்லை."

"அன்னிக்கு இருந்த சங்கிலிக்கு இதுதாங்க பதினொண்ணு, நாப்பது. முளை வச்சுப் பாத்தப்ப ஒரு சாண் நீளம். பதினோரு சங்கிலிக்குப் பதினோரு சாண், மேல அரை. அதைச் சேத்துக்க நான் மறந்துட்டேன். தப்பு என்னோடது."

துரை சட்டைப் பையிலிருந்து பென்சில் எடுத்து நோட்டின் ஓரத்தில் என்னவோ பெருக்கிப் பார்த்தார். சங்கிலி தேய்ந்தால் அளவை எப்படித் திருத்துவது என்று அவர் காலேஜில் சூத்திரம் படித்திருந்தார். சூத்திரம் கொடுத்த விடை எட்டரை அடி. பழைய குழியின் நடுவிலிருந்து டேப் பிடிக்கச் சொன்னார். எட்டரை அடி. மயிரிழை மாற்றம் இல்லை.

நோட்டை மூடினார். மேனேஜர் பக்கம் திரும்பி, அவர்கள் பாஷையில் ஒரு வார்த்தை சொன்னார். மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்த்தே தெரு புரிந்துகொண்டது. ஆனாலும் கிளார்க் தமிழில் உரக்கச் சொன்னார், நாற்பது பேருக்கும் கேட்கட்டும் என்று. "பழுது."

கூட்டத்தன்று சபைக் கட்டடத்தின் வராந்தாவில் சங்கிலிக்கு நிற்க இடம் கிடைத்தது. உள்ளே போக அனுமதி இல்லை. புது வேலைகளை வாசித்தார்கள், சண்டை போட்டார்கள், காப்பி குடித்தார்கள். பிறகு பழுது. "கிடங்குகளுக்குப் பின்னுள்ள பழைய செங்கல் வாய்க்கால், தூர் எடுத்துச் சீர் செய்து, தெரு நெடுக நீட்டி முடிக்க" என்று வாசித்தார்கள். மேனேஜர் எழுந்து, அப்படியொரு வாய்க்கால் எந்த வரைபடத்திலும் இல்லையே என்றார். துரை உட்கார்ந்தபடியே, "நான் அதன் மேல் நின்றேன்" என்றார். மூக்கைச் சிந்தி முடிக்கிற நேரத்தில் நிறைவேறியது. கருங்கல் சாலை வேலை, வாய்க்கால் முடிகிற வரைக்கும் தள்ளிவைக்கப்பட்டது. ஆறு வருஷம், ஏழு மனு, ஏழு உயிர், ஒரு வரி.

எஸ்டிமேட்டில் இன்னொரு சின்ன வரி இருந்தது. "சோதனைக் குழி மூடிய கூலி, ஆண் நாற்பது, பெண் இருபத்தாறு." துரை அங்கே பேனாவை நிறுத்தினார். "ஒரு குழியை மூட அறுபத்தாறு பேரா?"

"ஆழமான குழிங்க துரை" என்றார் பெரிய கிளார்க்.

துரை கையெழுத்துப் போட்டார். அந்தக் கூலியை வாங்கும்போது பாதிப் பேருக்கு எதற்கென்றே புரியவில்லை. புரிந்ததும் மச்சான் ஒவ்வொரு வீடாகப் போய் இரண்டாம் தரம் கைநாட்டு வாங்கினான். இந்தத் தரம் மனு இல்லை. வாய்க்கால் வேலைக்குப் பின்தெரு ஆட்களையே வைக்க வேண்டும், கூலி சர்க்கார் விகிதம், கங்காணி கமிஷன் கிடையாது என்ற நிபந்தனைக் காகிதம். அதுவும் நடந்தது. ஒரு தரம் ஜெயித்துப் பார்த்தவன் சும்மா இருக்க மாட்டான்.

வேலை தொடங்கிய திங்கட்கிழமை தெருவில் அளவு. பின்தெருவை அதற்கு முன்னால் யாரும் அளந்ததில்லை. அளக்கிற மாதிரி இடம் என்று யாரும் நினைத்ததில்லை. சங்கிலி அன்று துவைத்த சட்டை போட்டுக்கொண்டார். கிளம்புமுன் ஆபீஸ் முற்றத்துப் பித்தளை முளைகளில் சங்கிலியைப் போட்டு, துரையையே குனிந்து பார்க்கச் சொன்னார். அந்த ஆபீசில் அது புது வழக்கம். அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் அது நடந்தது.

வீடுகளின் வாசலிலெல்லாம் ஆட்கள். வீட்டுக்காரி வேலைக்குப் போகாமல் இடுப்பில் கை வைத்து நின்றாள். பின் முனையைப் புதுப் பையன் எவனோ பிடிக்க வந்தான். சங்கிலி அவனை விலக்கிவிட்டு மச்சானைக் கூப்பிட்டு முனையைக் கையில் கொடுத்தார்.

"இறுக்கிப் புடி. ஆட்டாத. நான் சொன்னாத்தான் விடணும்."

"மாமா, நான் மூட்டை தூக்கறவன்."

"இதுவும் மூட்டைதான். கனம் தெரியாது, அவ்வளவுதான்."

இழுத்துக்கொண்டு நடந்தார். சங்கிலி நேராகவில்லை. இழுத்தார், வரவில்லை. திரும்பிப் பார்த்தார். துரை நடுத்தெருவில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு சப்பாத்தும் கண்ணிகளின் மேல்.

முப்பத்தொரு வருஷமாக எத்தனையோ துரைமார் சங்கிலியின் மேல் நின்றிருக்கிறார்கள். அவர்கள் நகரும்வரை வெயிலில் காத்து நிற்பதுதான் வழக்கம்.

"துரை" என்றார். தெரு முழுக்கக் கேட்டது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சங்கிலி மேல நிக்கிறீங்க."

துரை குனிந்து பார்த்தார். ஓர் எட்டு பின்னால் வைத்து விலகினார். சங்கிலி விறைத்து நேராகியது. அவர் ஆணியை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, சொந்தத் தெருவின் முதல் எண்ணைக் கத்தினார்.

"ஒண்ணு!"

"கேக்குது, கேக்குது" என்றாள் வீட்டுக்காரி. "அடுத்ததைப் போடுங்க."